ஆர் கடைசியாகத் திறந்தது?

காபரேற்றர் இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்துச் சனம் கனக்கப் பொய் சொன்னது. இப்போது வருகிற மோட்டார் சைக்கிள்களில் அந்தச் சாமானே இல்லை. பெற்றோலைக் கம்பியூட்டர் அளந்து விடுகிறது. பழுது வந்தால் என் மருமகன் கையடக்கமான ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வயரில் கொழுவுகிறார். என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று அது எல்லாவற்றையும் ஒப்புவித்துவிடுகிறது. வண்டிக்காரன் பக்கத்தில் நின்று “நான் ஒண்டும் செய்யேல்லைப் பாஸ்” என்று சொல்வதற்குக்கூட இடமில்லை. எனக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. காசு கொடுத்து வேலை செய்விக்க வருகிறவனுக்கு நாலு பொய் சொல்ல உரிமை உண்டு.

கராஜை மருமகனிடம் விட்டுவிட்டு நான் வீட்டோடு இருக்கிறேன். சாப்பாடு, நித்திரை, அரசாங்கத்தைத் திட்டுவது என்று பொழுது போகிறது. இப்போது வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தகப்பன்மாரின் பழைய மோட்டார் சைக்கிள்களைக் கொட்டிலுக்குள்ளிருந்து இழுத்து எடுத்துக்கொண்டு வருகிறார்களாம். “மாமா, காபரேற்றரின்ரை தேஞ்ச சாமான்களை எப்பிடிச் சரிக்கட்டுறது எண்டு ஒருக்கா எழுதித் தாங்கோவன், பேஸ்புக்கிலை போடுவம்” என்று மருமகன் கேட்டார். எழுதுகிறேன். ஆனால் இதில் முக்கால்வாசி வேலை காபரேற்றரில் இல்லை, அதைக் கொண்டுவருகிற ஆளில் இருக்கிறது. அதை எந்தத் திறப்பால் கழற்றுவது என்று எனக்குச் சொல்லித் தந்தவர் குருநகர்ப் பாவிலு அண்ணை.

பாவிலு அண்ணைக்கு முதல் தொழில் வள்ளத்து எஞ்சின்கள். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் நீந்தித்தான் வர வேண்டும். அதனால் “பரவாயில்லை, ஓடும்” என்ற பேச்சே அவருக்குப் பிடிக்காது. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் அவருடைய கராஜ் இருந்தது. அங்கே நான் பழகின வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கழுவினேன், பேச்சு வாங்கினேன், மறுபடி கழுவினேன்.

அவருடைய முறை இதுதான். கராஜின் வாசலில் மீன்பெட்டி ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். வருகிறவர் ஆராக இருந்தாலும் அதில் இருக்க வேண்டும். பாவிலு அண்ணை பக்கத்தில் குந்தியிருந்து, முகத்தை மற்றப் பக்கம் திருப்பி, காதை மட்டும் கொடுப்பார். என்ன பழுது என்று கேட்கமாட்டார். “ஆர் கடைசியாத் திறந்தது? என்னத்தாலை திறந்தது?” இந்த இரண்டு கேள்விதான். கத்தோலிக்கர் கோயிலில் குருவிடம் போய்ப் பாவங்களைச் சொல்வார்களே, பாவசங்கீர்த்தனம், அதை இவர் கராஜில் நடத்தினார். உண்மை சொன்னால் கையோடு வேலை. பொய் சொன்னால், “சரி, திறந்து பாப்பம்” என்று எழும்புவார். திறந்தால் தெரிந்துவிடும். திருகாணியின் தலையைப் பார்த்தே தேங்காய்க் கத்தியால் கழற்றினதா குறட்டால் கழற்றினதா என்று சொல்லிவிடுவார்.

கழற்றுகிற சாமான்களை வெள்ளை எனாமல் கோப்பை ஒன்றில், கழற்றின ஒழுங்கிலேயே வட்டமாக அடுக்குவார். பெற்றோல் வருகிற நுண்துளைச் சாமானான ஜெற் அடைத்துப்போனால், அதை வாயால் ஊதித்தான் எடுப்பார். “ஜெற்றுக்குள்ளை ஊசி விட்டவன் உத்தரிக்கிற ஸ்தலத்துக்குப் போவான், கம்பி விட்டவன் நேரை நரகம்” என்பார். அந்தக் கணக்கில் குடாநாட்டில் பாதிப் பேர் நரகத்துக்குத்தான் போக வேண்டும். சண்டைக் காலத்துத் தடையால் பெற்றோல் இல்லாத அந்த வருடங்களில் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடியது. மருந்துக் குப்பியில் பொத்திப் பொத்தி வைத்திருக்கிற பெற்றோலில் நாலு துளி விட்டு உதைத்துக் கிளப்புவோம், பிறகு மண்ணெண்ணெய். அதற்காக ஆளாளுக்குத் தங்கள் வீட்டிலேயே காபரேற்றருக்கு ஒப்பரேசன் செய்தார்கள். தையல் ஊசி, சைக்கிள் கம்பி, ஒரு டொக்டர் தன்னுடைய ஊசியாலேயே குத்தியிருந்தார்.

ஒருமுறை கோயில் குருவான ஒரு சுவாமியார் வந்தார். அவரும் மீன்பெட்டியில் இருந்தார். ஒருவரும் திறக்கவில்லை என்றார். பாவிலு அண்ணை திறந்து, உள்ளே இருந்து மெல்லிய கம்பி ஒன்றைக் குறட்டால் பிடித்து வெயிலில் காட்டினார்.

“சுவாமி, உது செபமாலைக் கம்பியெல்லோ?”

சுவாமியார் சிரித்துவிட்டார். “பாவிலு, வாற ஞாயிறு நீ கோயிலுக்கு வா, நான் உன்ரை பாவங்களைக் கேக்கிறன், கணக்குச் சரி” என்றார். பாவிலு அண்ணை அந்த ஞாயிறு போகவில்லை. தன்னுடைய பாவங்களைக் கேட்க ஒரு ஞாயிறு காணாது என்று எங்களுக்குச் சொன்னார்.

பாவிலு அண்ணை போய்ச் சேர்ந்த பிறகு நான் உரும்பிராய்ச் சந்திக்குப் பக்கத்தில் சொந்தமாகக் கராஜ் போட்டேன். அவருடைய மீன்பெட்டியையும் எனாமல் கோப்பையையும் அவருடைய மனைவியிடம் கேட்டு வாங்கி வந்தேன். நெற்றியில் திருநீற்றோடு பாவசங்கீர்த்தனம் கேட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும். கேட்டதிலேயே பெரிய பாவம் ஓவசியர் ஐயாவுடையது.

ஓவசியர் தம்பிராசா ஐயா வீதி வேலைகளைப் பார்த்து ஓய்வு பெற்றவர். எண்பது வயது. எந்த மதகைக் கண்டாலும் குனிந்து சீமெந்து போதுமா என்று பார்க்கிற ஆள், ஒருவரையும் நம்பமாட்டார். அவரிடம் இங்கிலாந்தில் செய்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. நான் ஓய்வு எடுப்பதற்குக் கொஞ்சக் காலம் முன், அதை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, தானும் பக்கத்தில் ஏறி இருந்து கொண்டுவந்து இறக்கினார்.

“இருங்கோ ஐயா. ஆர் கடைசியாத் திறந்தது?”

“ஒருத்தரும் திறக்கேல்லை. கொம்பனியிலையிருந்து வந்த மாதிரியே கிடக்கு.”

“அப்ப என்ன செய்யுது?”

“பெற்றோலைச் சத்தி எடுத்து வெளியிலை வழியவிடுது. இப்பத்தைப் பெற்றோல் சரியில்லை.”

இப்பத்தைப் பெற்றோல் சரியில்லை என்று அவர் முப்பது வருடங்களுக்கு மேலாகச் சொல்லி வருகிறார். ஆனால் இந்தமுறை அவசரம் இருந்தது. கனடாவிலிருக்கிற மகன் தாயையும் தகப்பனையும் அங்கே கூப்பிட எல்லா அலுவலும் முடித்துவிட்டார். மனைவி மங்கை அக்கா போகத் துடிக்கிறார். இவர் மாட்டேன் என்கிறார். சண்டை முற்றி, கடைசியில் இவரே ஒரு பந்தயம் வைத்தார். இந்த மோட்டார் சைக்கிள் மங்கை அக்காவின் ஊரான கரவெட்டிக்குப் போய்த் திரும்பி வந்தால் இரண்டு பேரும் இங்கேதான். வழியில் நின்றால் மறுபேச்சில்லாமல் பிளேன் ஏறுவார். அது பல வருடமாக உதைக்கவும் கிளம்பவில்லை என்று தெரிந்த மங்கை அக்கா உடனே சம்மதித்தார்.

ஊரில் ஓவசியர் ஐயாவுக்கு இதனால் நல்ல பெயர். “பிறந்த மண்ணை விட்டு நான் போகமாட்டன்” என்று வாசிகசாலைக் கூட்டத்தில் பேசினார். கைதட்டி மாலையும் போட்டார்கள். நானும் கைதட்டினேன்.

அடுத்த நாள் மங்கை அக்கா ஒரு பை நிறையக் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தோடு கராஜுக்கு வந்தார். மீன்பெட்டியைத் தூசி தட்டிவிட்டு அதில் இருந்தார்.

“தம்பி குலம், உது ஓடப்படாது.”

“அக்கா, நான் திருத்திற ஆள். பழுதாக்கிற வேலைக்கு நான் பழகேல்லை.”

“பழுதாக்கச் சொல்லேல்லை. திருத்தாமல் விடு எண்டுதான் சொல்லுறன்.” பிறகு குரல் இறங்கியது. “ரெண்டு பேரப்பிள்ளையளையும் போனுக்குள்ளைதான் கொஞ்சுறன். கொஞ்சிக் கொஞ்சிக் கண்ணாடி முழுக்க எச்சில். சேலையாலை துடைக்கிறன், அதுகள் அங்காலை நிண்டு சிரிக்குதுகள். மூத்தவன் என்னை விட உயரம் எண்டு சொல்லுகினம். எவ்வளவு உயரம் எண்டு எனக்குத் தெரியாது.”

மாம்பழத்தை வாங்கி வைத்தேன். வாக்குக் கொடுக்கவில்லை.

இனி மருமகன் கேட்ட விசயம். காபரேற்றர் என்பது பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற சாமான். பழைய ஆங்கிலேய மோட்டார் சைக்கிளில் அதன் பக்கத்திலே சின்னக் கிண்ணம் ஒன்று இருக்கும். கிண்ணத்துக்குள் பித்தளைத் தகட்டில் செய்த, உள்ளே வெறுமையான மிதவை. பெற்றோல் நிறைய, மிதவை எழும்பி ஊசியால் வழியை அடைக்கும். குறைய, இறங்கித் திறக்கும். வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் கிடக்கிற பந்துக்கும் இதுதான் வேலை. மிதவையில் ஓட்டை விழுந்தால் உள்ளே பெற்றோல் ஏறும், அது தாண்டு கீழே போகும், வழி அடைபடாது, பெற்றோல் வெளியே வழியும்.

முதலில் மற்றவற்றைப் பார்த்தேன். ஜெற்றின் வாயை ஆரோ ஊசியால் குத்திப் பெருப்பித்திருந்தார்கள். கொம்பனி இப்படி அனுப்பாது. அதை ஈயத்தால் அடைத்து, அளவான துளை மறுபடி போட்டேன். காற்றுக் குழாயில் மேலும் கீழும் ஓடுகிற உருளை ஒரு பக்கம் தேய்ந்து ஆடியது. அதற்கு மெல்லிய பித்தளைத் தகடு வைத்துப் பற்றவைத்து, அரத்தால் ராவி, கண்ணாடித் துண்டின் மேல் மாவுபோன்ற மண்கடதாசியை விரித்து, உருளை தன் பாரத்திலேயே இறங்குகிற வரைக்கும் தேய்த்தேன். தள்ளி இறக்கினால் அது சரியில்லை என்று அர்த்தம். பிறகு கிண்ணத்தைத் திறந்து மிதவையைக் கையில் எடுத்தேன்.

பாரமாக இருந்தது. உள்ளே பெற்றோல் நிற்கிறதென்று நினைத்து காதடியில் வைத்துக் குலுக்கினேன். கொஞ்சம் சத்தம் கேட்டது, ஆனால் அந்தப் பாரத்துக்கு அது காணாது. கொதிக்கப் போகிற தண்ணீரில் அமுக்கிப் பிடித்தேன். ஓட்டை இருக்கிற இடத்தில் குமிழி வரும், அதைப் பென்சிலால் குறித்துவிட வேண்டும். குமிழி மேல்பக்கத்தில், கறுப்பாக அப்பியிருந்த ஒரு பொட்டைச் சுற்றி வந்தது. சுரண்டினால் அரக்கு. நகைவேலைக்காரர் பாவிக்கிற அரக்கு. ஸ்பிரிற் விட்டுத் துடைக்கத் துடைக்க உள்ளே மஞ்சள் தெரிந்தது. பித்தளை பெற்றோலுக்குள் கிடந்தால் மங்கிக் கறுக்கும். இது நேற்று நல்லூர் நகைக்கடையில் வாங்கின மாதிரி மினுங்கியது.

மிதவையை எனாமல் கோப்பையில் வைத்துவிட்டு ஓவசியர் ஐயாவுக்கு ஆள் அனுப்பினேன். வந்தார். மீன்பெட்டியைக் காட்டினேன். நான் குந்தியிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“ஐயா, ஆர் கடைசியாத் திறந்தது?”

மீன்பெட்டி இரண்டுமுறை கிரீச்சிட்டது. பிறகு, “பத்தர்” என்றார்.

கதை மெதுவாக வந்தது. மண்ணெண்ணெய்க் காலத்தில் நடந்தது. அவருடைய தங்கை சரசு முதற் பிள்ளைப்பேற்றுக்கு இவருடைய வீட்டில் நின்றாள். புருசன் வவுனியாப் பக்கம் வேலையில் மாட்டுப்பட்டு வர வழியில்லை. மங்கை அக்கா தாயின் திவசத்துக்குக் கரவெட்டிக்குப் போயிருந்தார். அந்த ஒழுங்கைத் தெருவில் எஞ்சின் உள்ள வாகனம் இது ஒன்றுதான். அந்த நேரம் பார்த்து மிதவை ஓட்டையாகிவிட்டது. சரசுக்கு எந்த நேரமும் வலி வரலாம். பற்றவைக்க ஈயம் தேடி இவர் அலைந்தார். ஈயம் குடாநாட்டுக்குள் வராத காலம், ஒரு கடையிலும் இல்லை. கடைசியில் நகைவேலை செய்கிற பத்தர் ஒருவர், மென்மையான பொன் இருந்தால் தட்டி ஓட்டையை அடைத்து அரக்கு வைக்கலாம் என்றார். இவர் வீட்டுக்கு வந்து, மங்கை அக்காவின் பெட்டியைத் திறந்து, ஒரு தோட்டை எடுத்துக்கொண்டு போனார்.

“ஒரு ஓட்டையை அடைக்க முழுத் தோடும் என்னத்துக்கு ஐயா?”

“பத்தரும் பாதி காணும் எண்டுதான் சொன்னவர்” என்றார், தலையை நிமிர்த்தி. “விடுவனே? பத்தர்மார் தாய்ப் பொன்னிலும் மாப்பொன் களவெடுப்பாங்கள் எண்டு கேள்விப்படேல்லையே? நான் முன்னாலை குந்தியிருந்து முழுத்தையும் அதிலையே தட்டுவிச்சனான். ஒரு குண்டுமணியும் வெளியிலை போகேல்லை.”

“ஐயா, அதாலைதான் மிதவை தாண்டு போச்சு. முப்பது வருசமாப் பெற்றோலிலை பிழையில்லை. உங்கடை சந்தேகத்தின்ரை பாரம்தான் அது.”

தங்கையை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனபோதும் பெற்றோல் குழாயைப் பூட்டிப் பூட்டித் திறந்துதான் ஓடினாராம். போய்ச் சேர்ந்தார்கள், பிள்ளையும் சுகமாகப் பிறந்தது. ஈயம் வந்த உடனே பொன்னைக் கழற்றி, தோடாகச் செய்வித்து வைத்துவிடலாம் என்று இருந்தார். அதற்குள் மங்கை அக்கா வந்து பெட்டியைத் திறந்துவிட்டார். வீட்டில் நின்றது சரசு மட்டும். மங்கை அக்கா ஒழுங்கையில் இறங்கி நின்று அவளைக் கள்ளி என்று ஏசினார். சரசு கைப்பிள்ளையோடு வெளிக்கிட்டுப் போனாள். பிறகு கனடாவுக்குப் போனாள். அன்றையோடு இரண்டு பேருக்கும் பேச்சில்லை. இவர் வாசல் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். பாலம் கட்டின மனிதருக்கு வாய் திறக்கத் துணிவில்லை.

“சரசுவின்ரை வீடும் மகன்ரை வீடும் அங்கை கிட்டக்கிட்ட” என்றார். “ஒரு கலியாண வீட்டிலை ரெண்டு பேரும் சந்திச்சுக் கதைச்சால் நான் துலைஞ்சன்.”

“அப்ப பிறந்த மண்ணை விட்டுப் போகமாட்டன் எண்டது?”

“அது வாசிகசாலைக்குச் சொன்னது.”

கைதட்டினதற்காக எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. பொன்னை எடுத்துவிட்டு ஈயம் வைத்தால் மோட்டார் சைக்கிள் ஓடும் என்றேன். எடுத்த பொன்னை என்ன செய்வது என்றார். அங்கேதான் மனிதர் மாட்டுப்பட்டார். பொன் உள்ளே கிடந்தால் வண்டி நின்றுவிடும், கனடா போக வேண்டும். வெளியே வந்தால் கையில் சாட்சி.

“எறிஞ்சு போட்டுப் போங்கோ.”

“பவுனை எறியிறதோ? உனக்கென்ன விசரே?”

“அப்ப கோயில் உண்டியலிலை போடுங்கோ.”

“அவங்களை நம்பேலாது. நீ வைச்சிரு.”

“நானோ? என்ரை மனுசி கண்டால் ஆருக்கு வாங்கினது எண்டு கேப்பா. உங்கடை பாவத்தை நான் சுமக்கேலாது ஐயா.”

இந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே மங்கை அக்கா இரண்டாவது பை மாம்பழத்தோடு வந்துவிட்டார். புருசனைக் கண்டதும் பையைச் சேலைக்குப் பின்னால் மறைத்தார். பிறகு அவருடைய கண் எனாமல் கோப்பையில் விழுந்தது. நான் மறைக்கவில்லை. கோப்பை திறந்தபடி இருக்க வேண்டும் என்பது பாவிலு அண்ணையின் சட்டம்.

மங்கை அக்கா மிதவையை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, பொட்டை நகத்தால் கீறிப் பார்த்தார்.

“உது பித்தளை இல்லை.”

மங்கை அக்கா புருசனைப் பார்த்தார். ஓவசியர் ஐயா நிலத்தைப் பார்த்தார்.

“சரசுவின்ரை பிள்ளைப்பேறுக்கு” என்றார் அவர், மெல்ல. “ஈயம் இல்லை.”

கத்துவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். கத்தவில்லை.

“கேட்டிருந்தால் மற்றத் தோட்டையும் எடுத்துத் தந்திருப்பனே” என்றார்.

ஓவசியர் ஐயா எழும்பினார். அந்த மீன்பெட்டியில் மங்கை அக்கா இருந்தார். “பச்சை உடம்போடை நிண்டவளை” என்று தொடங்கினார். “நடுங்கிக்கொண்டு நிண்டவள். பிள்ளைக்குத் துணியும் எடுக்க விடேல்லை நான். ஒழுங்கை முழுக்கக் கேக்கக் கள்ளி எண்டனான்.” அதற்குமேல் அழுகைதான்.

“இப்பவே போன் எடுப்பம், நான் சொல்லுறன்” என்றார் ஓவசியர் ஐயா.

“நீங்கள் சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்லுங்கோ. நான் போனிலை சொல்லமாட்டன். ஏசினது போனிலையோ? ஒழுங்கையிலை நிண்டு ஏசினனான். ஒழுங்கையிலை நிண்டுதான் மன்னிப்புக் கேப்பன். அவளை வரச் சொல்லுங்கோ.”

பிறகு என் பக்கம் திரும்பி, “தம்பி, பொன்னை எடுத்துப்போட்டு உதைத் திருத்து” என்றார். மாம்பழப் பையை மேசையில் வைத்தார்.

பொன்னை மெல்ல நெம்பி எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். மிதவைக்குள் நின்ற பெற்றோல் முழுவதும் ஆவியாகிப் போகும்வரை வெயிலில் வைத்தேன். அதற்கு முதல் சூட்டுக்கோல் வைக்கிறவனுக்கு மீசை மிஞ்சாது, மருமகன் இதைக் கட்டாயம் பேஸ்புக்கில் போடவும். ஓட்டையில் ஈயம் பட்டும் படாமலும் வைத்து ராவினேன். பிறகு பாவிலு அண்ணையின் கடைசிச் சோதனை. நல்ல மிதவை ஒன்றையும் திருத்தினதையும் ஒரே ஏனத்து மண்ணெண்ணெயில் விட வேண்டும். இரண்டு பேரும் ஒரே கழுத்தளவில் நிற்க வேண்டும். நின்றார்கள்.

நான் ஓட்ட, ஓவசியர் ஐயா பின்னால் இருக்க, கரவெட்டிக்குப் போய்த் திரும்பி வந்தோம். ஒரு இடத்திலும் நிற்கவில்லை, ஒரு துளி பெற்றோல் வழியவில்லை. பந்தயத்தில் அவர்தான் வென்றார். அதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை, அவர் உள்பட. இரண்டு பேரும் இப்போது கனடாவில்தான் இருக்கிறார்கள். வாசிகசாலையில் பிரியாவிடைக்கும் மாலை போட்டார்கள்.

ஆனால் அவர்கள் போவதற்கு முதல் சரசு வந்தாள். தமையன் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். கேட்டுவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் போனை வைத்தாளாம். பிறகு வருகிற நாளை மட்டும் தமையனின் மகனிடம் சொல்லி அனுப்பினாள். அன்றைக்கு ஓவசியர் ஐயா என்னையும் மோட்டார் சைக்கிளோடு ஒழுங்கை முகப்பில் நிற்கச் சொன்னார். எஞ்சினைச் சூடாக்கி வைக்கவும் சொன்னார். தானும் பின்னால் ஏறி இருந்துகொண்டார். தங்கையை வரவேற்க இப்படி ஒரு ஆயத்தமா என்று கேட்டேன். “நீ பேசாமல் இரு” என்றார்.

வானிலிருந்து சரசு இறங்கினாள். தலை நரைத்திருந்தது. பக்கத்தில், அன்றைக்குப் பிறந்த பிள்ளை, முப்பது தாண்டின ஆம்பிளையாக நின்றான். மங்கை அக்கா படலையைத் திறந்து ஒழுங்கையின் நடுவுக்கு வந்தார். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி என்னவோ சொன்னார். எங்களுக்குக் கேட்கவில்லை.

“கேக்கேல்லை மச்சாள்” என்றாள் சரசு. “அண்டைக்குச் சொன்ன மாதிரிச் சத்தமாச் சொல்லுங்கோ.”

மங்கை அக்கா தலையை நிமிர்த்தினார். ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அந்த வயதில், அந்த உடம்பிலிருந்து, அப்படி ஒரு குரல் வந்தது.

“என்ரை மச்சாள் கள்ளியில்லை! கேட்டியளே எல்லாரும்? சரசு கள்ளியில்லை! எடுத்தது என்ரை மனுசன்!”

படலைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சரசு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். என் பின்னால் ஓவசியர் ஐயா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“குலம், எடு எடு, போவம்.”

நான் குனிந்து பெற்றோல் குழாயைப் பூட்டினேன். கிண்ணத்தில் நின்றது முடியும்வரைக்கும் எஞ்சின் ஓடி, இருமி, நின்றது. அவர் என்னை ஒரு தூசணத்தால் ஏசினார். பிறகு இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, அந்த இரண்டு பெண்களும் நின்ற இடத்துக்கு நடந்து போனார்.